ஒருவன் தந்த இரண்டு

ஸ்ரீரங்கம்
15.9.2024

சௌபாக்கியவதி ஜோதிக்கு,

வேதவதி எழுதுவது. பெருமாள் கிருபையில் இங்கே நானும் என் அகத்துக்காரர் ரகுநந்தனும், சென்னையில் படிக்கும் பெண் மாலினியும் சௌக்கியம். நீயும் உன் புருஷனும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும்.

என்னை ஞாபகம் இருக்கிறதா? ஆடி மாதத்தில், ஒரே நாளில், நம் இருவருக்கும் ஆபரேஷன் நடந்தது. பைக் விபத்தில் மூளைச்சாவு ஆன ஒரு பையனின் கிட்னிகளில் ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. சின்ன வயசு என்று மட்டும் ஒரு நர்ஸ் வாய் தவறிச் சொன்னாள். வீட்டுக்குப் போகும் அன்று நீ மாஸ்க்கோடு என் அறை வாசலில் நின்று கையை ஆட்டினாய்.

உன் புருஷன் நம்பருக்கு எத்தனையோ தடவை போட்டேன். பச்சைமலையில் சிக்னல் கிடைப்பதில்லை போலிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கவுன்சிலர் தேவதர்ஷினிதான் கடிதம் எழுதச் சொன்னாள். அதே பயம் இருக்கிற ஒருத்தரிடம் சொல்லிப் பாருங்கள் என்றாள்.

நான் மாடி அறையை விட்டு இறங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இப்போது நீண்ட விடுப்பு. வருகிறவர்கள் எல்லோரும் இது உனக்கு மறுபிறவி என்கிறார்கள். நானும் சிரித்துத் தலையாட்டுகிறேன். அவர்கள் போனதும் உட்கார்ந்த நாற்காலியை டெட்டால் போட்டுத் துடைக்கச் சொல்கிறேன். சந்தோஷமாக இருக்க வேண்டியவள் ஏன் அழுகிறாய் என்று அவர் கேட்கிறார். கிட்னி கிடைக்க வேண்டும் என்று தினமும் பெருமாளைச் சேவித்தேனே, அது எங்கோ ஒரு பிள்ளை சாக வேண்டும் என்று சேவித்ததுதானே? இதை அவரிடம் சொல்ல முடியவில்லை.

உன் கிரியாட்டினின் எவ்வளவு என்று அவசியம் எழுது. எனக்கு 1.2, ஏறாமல் இருக்கிறது. இரண்டும் ஒரே உடம்பிலிருந்து வந்தவை. உன்னுடையது நன்றாக இருந்தால் என்னுடையதும் நன்றாக இருக்கும் என்று மனசு சொல்கிறது. என் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறைகள் சில இதோடு வைத்திருக்கிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
வேதவதி


பச்சைமலை
2.10.2024

மதிப்பிற்குரிய வேதவதி அக்காவுக்கு,

ஜோதி எழுதிக்கொண்டது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். டீச்சரம்மா என்று எழுதி அடித்துவிட்டு அக்கா என்று போட்டிருக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

எனக்குக் கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் கொடுத்து, என் மகள் யாழினி கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரர் கலையரசன் மரவள்ளிக் காட்டு வேலையில் இருக்கிறார். நான் குனியக்கூடாது, தூக்கக்கூடாது, புழுதியில் நிற்கக்கூடாது. அதனால் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் ஆள் மாற்றி ஆள் வந்து தையலைக் காட்டு என்கிறார்கள்.

அந்தப் பையனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் அவனைத் தம்பி என்று கூப்பிடுகிறேன். எனக்கு உடன்பிறந்த தம்பி கிடையாது. சாப்பிட உட்காரும்போது, தம்பி இன்னைக்குச் சாமைச் சோறு, உப்பு கம்மி, பொறுத்துக்க என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார். உங்களுக்கும் அப்படிப் பேசத் தோன்றுமா?

ஒன்றுதான் கஷ்டமாக இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதெல்லாம் யாழினி காட்டூரில் என் நாத்தனார் வள்ளிக்கண்ணு வீட்டில் இருந்தாள். இப்போது என்னிடம் வரமாட்டேன் என்கிறாள். மாத்திரையில் முகம் ஊதி, தாடையில் முடியெல்லாம் வந்துவிட்டது இல்லையா? "நீ எங்க அம்மா இல்ல. எங்க அம்மா மூஞ்சி இப்படி இருக்காது" என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் போய்ப் படுத்துக்கொள்கிறாள். ஆறு வயசுப் பிள்ளை. என்ன சொல்லிப் புரிய வைப்பது?

என் நம்பர் 1.1.

வணக்கத்துடன்,
ஜோதி


ஸ்ரீரங்கம்
22.10.2024

சௌபாக்கியவதி ஜோதிக்கு ஆசீர்வாதம்.

உன் க்ஷேமம் கண்டு நிம்மதி. 1.1 என்று படித்த அன்று நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். தாராளமாக அக்கா என்றே கூப்பிடு.

யாழினியைப் பற்றிக் கவலைப்படாதே. குழந்தைதானே, பழகிவிடுவாள். என் முகமும் பூசணிக்காய் மாதிரிதான் இருக்கிறது. நிலைக்கண்ணாடியில் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

எனக்கு உன்னைப் போல அவனோடு பேச வராது. படுக்கும்போது வயிற்றில் தையல் இருக்கும் பக்கம் கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், திருட்டுப் பொருளை ஒளித்து வைத்திருப்பவள் மாதிரி. ஆயுத பூஜைக்கு மாலினி வந்திருந்தாள். லேசாக ஜலதோஷம். நான் மேலே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே நின்று பேசிவிட்டு, மறுநாளே பல்லவன் ரயிலில் திரும்பிப் போய்விட்டாள். அவள் போன பிறகு அழுதேன். ஆனால் மறுபடி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள். உடம்பு அந்தக் கிட்னியை அந்நியப் பொருள் என்று தெரிந்துகொண்டால் அழித்துவிடும் என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதல்லவா? அடுத்த டெஸ்ட் எடுத்ததும் நம்பரை எழுது.

வேதவதி


பச்சைமலை
28.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கும் நலம்தானே?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கார்த்திகையில் விடாத மழை. பாறை சரிந்து ரோடு உடைந்து பஸ் வரவில்லை, தபாலும் வரவில்லை. மரவள்ளி அழுகிவிட்டது. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருக்கிறார்.

யாழினி இப்போது என்னிடம்தான் படுக்கிறாள். என் முகம் பழையபடி ஆகிவிட்டது அக்கா. ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் எங்க அம்மா வந்துருச்சு என்று சொன்னாளாம்.

நம்பர் 1.1.

ஜோதி


ஸ்ரீரங்கம்
6.1.2025

சௌபாக்கியவதி ஜோதிக்கு,

அநேக ஆசீர்வாதம். உன் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. தெருவெல்லாம் ஜனம். நான் ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை.

உன் முகம் எப்படிச் சரியானது? டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்தாரா? எனக்கு இன்னும் குறைக்கவில்லையே. பொறாமை என்று நினைத்துக்கொள்ளாதே, பொறாமைதான். போன வாரம் எனக்கு 1.4 வந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி எடுத்ததில் 1.2. தண்ணீர் போதாமல் இருந்திருக்கும் என்றார்கள். அந்த இரண்டு நாளும் உன்னுடைய 1.1ஐத்தான் சொல்லிச் சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டேன்.

விவரமாக எழுது.

வேதவதி


ஸ்ரீரங்கம்
18.2.2025

ஜோதிக்கு,

க்ஷேமமா? ஏன் பதிலே இல்லை? ஜனவரியில் எழுதியது வந்து சேர்ந்ததா? தினமும் தபால் நேரத்தில் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். எனக்கு இடுப்பில் ஒரு பக்கம் வலிக்கிற மாதிரி இருக்கிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

எழுத நேரமில்லை என்றால் ஒரு கார்டில் நம்பரை மட்டும் எழுதிப் போடு. வேறொன்றும் எழுத வேண்டாம். அது போதும்.

வேதவதி


பச்சைமலை
5.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்களைக் கவலைப்பட வைத்ததற்கு மன்னிக்கவும். கை வலி, அதனால் எழுத்து கோணலாக இருக்கிறது.

நம்பர் 1.1. பயப்படாதீர்கள். உங்களுக்கும் ஒன்றும் ஆகாது.

ஜோதி


ஸ்ரீரங்கம்
30.3.2025

அன்புள்ள ஜோதிக்கு,

உன் கடிதத்தில் பச்சைமலை என்று எழுதியிருந்தாய். உறையில் திருச்சி தபால் முத்திரை. இத்தனை கிட்டத்தில் வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனாளே என்று முதலில் கோபம் வந்தது.

முந்தாநாள் செக்கப்புக்குப் போனபோது தேவதர்ஷினியிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். இன்னொரு நோயாளியைப் பற்றிச் சொல்லக்கூடாது என்றாள். நான் விடவில்லை. தனக்கு 1.1 என்று எழுதியிருக்கிறாள், சரிதானே, அதை மட்டும் சொல் என்றேன்.

"மேடம், நம்பரைத் தவிர ஜோதிகிட்ட வேற என்ன கேட்டிருக்கீங்க?" என்றாள்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். நீ தம்பியோடு பேசுவதைப் பற்றிக் கேட்டாய், என் பயத்தையே எழுதினேன். குழந்தையைப் பற்றிக் கேட்டாய், பழகிவிடுவாள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். மரவள்ளி அழுகி, புருஷன் ஊரை விட்டுப் போனதாக எழுதினாய், உன் முகம் எப்படிச் சரியானது என்று கேட்டேன்.

நம்பர் வேண்டாம் ஜோதி. நீ எப்படி இருக்கிறாய்? எங்கே இருக்கிறாய்?

அக்கா


காட்டூர், திருச்சி
14.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று சித்திரை பிறந்திருக்கிறது. உங்களுக்கும் மாமாவுக்கும் மாலினிக்கும் நல்ல வருஷமாக இருக்கட்டும். உங்கள் கடிதத்தை வீட்டுக்காரர் மலையிலிருந்து கொண்டுவந்தார்.

நான் வள்ளிக்கண்ணு வீட்டில் இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். கிட்னி போய்விட்டது அக்கா.

கார்த்திகை மழையில் ரோடு உடைந்தபோது மாத்திரை தீர்ந்துபோனது. மாசாமாசம் திருச்சிக்கு வந்துதான் வாங்க வேண்டும். பஸ் இல்லை. அப்போது பயந்தேன். தம்பி, கொஞ்சம் பொறுத்துக்க, ரோடு சரியானதும் போயிரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்றும் ஆகவில்லை. உடம்பு லேசாக இருந்தது. கை நடுக்கம் நின்றது. முகம் வற்ற ஆரம்பித்தது.

அப்புறம் ரோடு சரியாகிவிட்டது. பஸ் வந்தது. போகவேண்டும் என்று பையைக்கூட எடுத்து வைத்தேன். அந்த வாரம்தான் யாழினி என் கன்னத்தைப் பிடித்தது. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தள்ளிப்போட்டேன். பொங்கலுக்கு அப்புறம் கால் வீங்கியது. மூச்சு வாங்கியது. அவர் திருப்பூரிலிருந்து வந்து தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டர் நிறையத் திட்டினார். ஏன் நிறுத்தினாய் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் யாருக்கும் சொல்லவில்லை, அவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன். யாழினிக்கு இது தெரியவே கூடாது.

ஒரு பையன் செத்து இரண்டு கொடுத்தான். அதில் ஒன்றை நான் வீணாக்கிவிட்டேன். அவனைப் பெற்றவள் எங்கேயோ இருப்பாள். பிள்ளையின் பாதி எங்கோ உயிரோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பாள். இப்போது தம்பியிடம் பேசுவதில்லை. எந்த முகத்தோடு பேசுவேன்?

உங்களுக்கு 1.1 என்று எழுதும்போது மட்டும் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. இன்னொன்று உங்களிடம் இருக்கிறது. என்னுடையது போன விஷயம் தெரிந்தால் நீங்கள் பயந்தே உடம்பைக் கெடுத்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்.

இங்கே என்னைப் பார்க்க வரவேண்டாம். டயாலிசிஸ் வார்டில் காய்ச்சல், இருமல் எல்லாம் இருக்கும், உங்களுக்கு ஆகாது. பதில் மட்டும் போடுங்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை. ஒரு வரி போதும்.

உங்கள்
ஜோதி


பச்சைமலை
8.6.2025

மரியாதைக்குரிய வேதவதி டீச்சர் அவர்களுக்கு,

ஜோதியின் வீட்டுக்காரர் கலையரசன் எழுதுவது. உங்கள் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வைகாசி ஆரம்பத்தில் ஜோதி இறந்துவிட்டாள். கழுத்தில் டயாலிசிஸுக்காகப் போட்டிருந்த டியூப்பில் சீழ் பிடித்து காய்ச்சல் வந்தது. மூன்று நாள் ஐசியூவில் இருந்தாள். மலைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்துவிட்டோம். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், முடியவில்லை.

காட்டூரில் இருந்தபோது ஜோதி, தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் வள்ளிக்கண்ணுவைப் போய்ப் பார்க்கச் சொல்லும். உங்கள் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்கும். குறையாகச் சொல்லவில்லை டீச்சர். உங்களுக்கும் உடம்பு முடியாமல் இருந்திருக்கும் என்று அதுவே சொல்லிக்கொள்ளும். நீங்கள் நலமா என்று தெரியவில்லை, அதனாலும் எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம். மாத்திரையை நிறுத்தினதால்தான் இப்படி ஆனது என்று டாக்டர் சொன்னார். ஏன் நிறுத்தியது என்று கடைசி வரை என்னிடம் சொல்லவில்லை. நான் அப்போது ஊரில் இல்லை. இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். உங்களுக்கு எழுதியிருந்தால் சொல்லுங்கள்.

யாழினி சரியாகச் சாப்பிடுவதில்லை. பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறாள். போன வாரம் என்னிடம் வந்து, "அம்மா மூஞ்சி நல்லால்லன்னு நான் சொன்னேன்ல, அதனாலயாப்பா?" என்று கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்று அதட்டிவிட்டேன். எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை. நீங்கள் பிள்ளைகளோடு பழகியவர்கள். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ப. கலையரசன்


ஸ்ரீரங்கம்
29.6.2025

அன்புள்ள கலையரசனுக்கு,

நானும் என் அகத்துக்காரரும் மலையிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம். எனக்குக் காய்ச்சல் ஒன்றும் வரவில்லை. நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரில் சொல்ல நினைத்து வந்தேன். உங்கள் வீட்டு வாசலில் நாலு பேர் இருந்ததால் சொல்ல முடியவில்லை. ஜோதியின் கடிதம் எனக்கு ஏப்ரலில் வந்தது. படித்ததும் நான் முதலில் செய்தது, லேபுக்குப் போய் என் ரத்தத்தைக் கொடுத்ததுதான். நம்பர் நன்றாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது. பிறகு அவளுக்கு எழுத உட்கார்ந்தால், அந்த அப்பாடாதான் முன்னால் வந்து நின்றது. எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன், கிழித்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. உங்கள் கடிதத்தை என் அகத்துக்காரர்தான் படித்துச் சொன்னார். படித்துவிட்டு, "கிளம்பு, நாளைக்கே போயிட்டு வரலாம்" என்றார். துறையூரில் மலை பஸ் மாறும்போது ஒரே நெரிசல். யார் யாரோ என்மேல் இடித்துக்கொண்டு ஏறினார்கள். ஒரு வருஷத்தில் இவ்வளவு பேரை நான் பார்த்ததே இல்லை.

நீங்கள் என் அகத்துக்காரருக்கு ஜோதியை அடக்கம் செய்த இடத்தைக் காட்டப் போனபோது, யாழினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாஸ்க்கைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"உங்களுக்கும் எங்க அம்மா நோயா?"

ஆமாம் என்றேன்.

"மாத்திரை சாப்பிடுறீங்களா?"

தினமும் சாப்பிடுகிறேன் என்றேன். அதனால்தான் முகம் இப்படி இருக்கிறது என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். விரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"எங்க அம்மா ஏன் சாப்பிடல?"

"மழை பேஞ்சு ரோடு உடைஞ்சுதுல்ல? பஸ் வரல. மாத்திரை தீந்து போச்சு."

"ரோடு போட்டாங்களே, அப்புறம்?"

"அதுக்குள்ள ரொம்ப லேட்டாயிடுச்சும்மா. உடம்புக்குள்ள கெட்டுப்போச்சு."

"நான் சொன்னதால இல்லையா?"

"இல்ல. மழையாலதான்."

என் வகுப்பில் கணக்கு புரியாத பிள்ளைகள், டீச்சர் மறுபடி கேட்டுவிடக் கூடாதே என்று தலையாட்டுவார்கள். அந்த மாதிரித் தலையாட்டினாள். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் திரும்பி வந்தபோது அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்குக் கொடுத்த மரவள்ளிக்கிழங்கில் அவளும் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டாள், அதை மட்டும் பார்த்தேன்.

ஏன் நிறுத்தினாள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு எழுதியிருந்தாள். மழையில் ரோடு உடைந்து மாத்திரை தீர்ந்துபோய்விட்டது என்றுதான் எழுதியிருந்தாள். நீங்கள் ஊரில் இருந்திருந்தாலும் அந்த மழையை ஒன்றும் செய்திருக்க முடியாது.

யாழினி பெரியவளானதும் மறுபடி கேட்பாள். அப்போதும் இதையே சொல்லுங்கள். என்னிடம் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
வேதவதி